வலப்பக்கம் தெரியாத வாசல்

ஹெரால்ட் பில்லிங்கைக் கொன்றது அவருடைய சொந்த மதில் சுவர்.

இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மதிலின் உச்சியில் வரிசையாகப் பதித்திருந்த கனத்த மூடுகற்களில் ஒன்று. செவ்வாய்க்கிழமை காலை, ஷாபிரிட்ஜ் ரோட்டில் லாரிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ அந்தக் கல்லைத் தூக்கி அவர் மண்டையில் போட்டிருந்தார்கள். அவர் விழுந்தார். விழுந்த பிறகும் போட்டிருந்தார்கள். தபால் கொண்டுவந்த பெண் கேட்டைத் திறந்து பார்த்தபோது, அவரை அடையாளம் காட்ட அவருடைய கம்பளிச் சட்டை மட்டும்தான் மிச்சமிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் நோரா கிளெக் அதே கேட்டுக்குள் நின்றிருந்தாள். புல்லில் ரத்தம் கறுத்திருந்தது. ஐம்பதைத் தாண்டியவள், நல்ல குள்ளம். அந்த மதில் அவளைவிட ஒரு தலை உயரம்.

"எனக்குச் சுவர்னாலே பயம் பாஸ்," என்றான் சார்ஜெண்ட் ரோரி எண்ட்விசில். ஒரு கையில் பாதி தின்ற உருளைக்கிழங்கு பஃப். "எங்க வீட்டுச் சுவர்ல மாமியார் படம் மாட்டியிருக்கு. நான் அந்தப் பக்கம் தலை வச்சே படுக்கிறதில்ல."

"படம் விழுந்துடும்னா?"

"முழிச்சுப் பாக்கும்னு."

நோரா சிரிக்கவில்லை. மதிலின் உச்சியைக் காட்டினாள். இரண்டு மூடுகற்கள் இல்லை. பல் விழுந்த வாய் போல ஒரு இடைவெளி.

"ஒரு கல்லு அவரைக் கொன்னுச்சு. இன்னொண்ணு?"

"தோ, புல்லு மேல. கீழ சாக்கு விரிச்சு, தூங்கவச்ச மாதிரி." ரோரி பஃப்பைக் கடித்தான். "கல்லு ஆடியிருக்கும், மனுஷன் சரி பண்ணிட்டிருந்திருப்பார். கோட்டுப் பையில உளி இருந்துச்சே."

"வீடு முழுக்கத் தேடினியே. சிமெண்ட் இருந்துச்சா?"

"ஒரு கரண்டி கூட இல்ல."

"உளி இருக்கு, சிமெண்ட் இல்ல. யோசி."

ரோரி யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். அதற்குள் நோரா அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அடுத்த வீடு டெரிக் ஹாஸ்லமுடையது. ஊரே கைகாட்டியது அவனைத்தான். அதற்குக் காரணமும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டெதிரே ரோட்டோரம் நிறுத்திய காரிலிருந்து அவன் மனைவி லின் இறங்கியபோது, வளைவைத் தாண்டி வந்த ஒரு லாரி கார்க் கதவையும் அவளுடைய இடது காலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போனது. மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பி வரும் முன்பே ஹாஸ்லம் முன்சுவரை இடித்து, தோட்டத்தைச் சமப்படுத்தி, சரளை கொட்டிவிட்டான். காரை வீட்டு வாசல் வரை கொண்டுவந்துவிட்டால் லின் இனி அந்த ரோட்டில் கால் வைக்க வேண்டாம். மிச்சமிருந்தது கவுன்சிலின் அனுமதி ஒன்றுதான். அது வரவில்லை. காரணம் இரண்டு முறையும் ஒன்றே: அந்த வாசலில் நிற்கும் காருக்கு, பில்லிங்கின் மதிலால் வலப்பக்கம் வரும் வண்டி தெரியாது. மதிலை முழங்கால் உயரத்துக்குக் குறைத்தால் தரலாம். பில்லிங் குறைக்க மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் ஒவ்வொரு முறையும் ஆட்சேபமும் எழுதிப் போட்டார்.

ஹாஸ்லம் சரளைமேல் நின்றிருந்தான். ஒல்லியான, தூக்கம் கெட்ட மனிதன். பக்கத்தில் அவனுடைய நீலக் கார், மூக்கை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு.

"சட்டப்படி இதை இங்க நிறுத்தக்கூடாது, தெரியுமில்ல?" என்றான் ரோரி.

"சட்டப்படி ரோட்ல நிறுத்தினப்பதான் அவ கால் போச்சு," என்றான் ஹாஸ்லம்.

நோரா கார்க் கதவைத் திறந்தாள். "செவ்வாய்க்கிழமை நீங்க என்ன பாத்தீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"எத்தனை தடவை சொல்றது? இதுல, டிரைவர் சீட்ல உக்காந்திருந்தேன். பில்லிங் கேட்லருந்து ஒருத்தன் வெளிய வந்தான். நல்ல உயரம். ஆரஞ்சு ஜாக்கெட், வெள்ளை ஹெல்மெட். ஹெல்மெட் உச்சியில பச்சை டேப், சிலுவை மாதிரி குறுக்கா ஒட்டியிருந்துச்சு. வளைவுப் பக்கமா போயிட்டான்."

"வளைவுல தண்ணிக் குழாய் தோண்டுற ஆளுங்க அத்தனை பேரையும் வரிசையா நிக்கவச்சு ஹெல்மெட்டைக் கழட்டிப் பாத்துட்டேன்," என்றாள் நோரா. "ஒருத்தன் உச்சியிலயும் பச்சை இல்ல."

"நான் பாத்ததைச் சொன்னேன்."

நோரா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"தலையணை ஏதாவது வேணுமா பாஸ்?" என்றான் ரோரி.

"நீ போய் பில்லிங் கேட்ல நில்லு. ஏதாவது பண்ணு."

ரோரி போனான். நோரா கண்ணாடி வழியாக வலப்பக்கம் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் பில்லிங்கின் மதில். அதற்கப்பால் ஒன்றுமில்லை. திடீரென்று மதிலின் விளிம்பிலிருந்தே பிறந்ததுபோல் கல் ஏற்றிய ஒரு லாரி கார் மூக்கை உரசுகிற மாதிரி கடந்தது. கார் மொத்தமும் நடுங்கியது. ஹாஸ்லமின் முகமும்.

"எங்க சார்ஜெண்ட் இப்ப என்ன பண்றார், மிஸ்டர் ஹாஸ்லம்? குனிஞ்சு இதே கண்ணாடி வழியா பாத்துச் சொல்லுங்க."

ஹாஸ்லம் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். "நிக்கிறார்," என்றான்.

ரோரி மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "நின்னேனா? நாக்கை நீட்டிட்டு ஒத்தக் கால்ல ஆடினேன் பாஸ். பஸ்ல போன பாட்டிமாருங்க அத்தனை பேரும் கை தட்டினாங்க."

நோரா காரை விட்டு இறங்கினாள். "இந்த சீட்லருந்து எல்லாம் தெரியும்னு ரெண்டு தடவை கவுன்சிலுக்கு எழுதினீங்க. இந்த சீட்லருந்து கொலைகாரனைப் பாத்தேன்னு எங்களுக்குச் சொன்னீங்க. ரெண்டுமே பொய். நீங்க யாரையும் பாக்கல."

ஹாஸ்லமின் தாடை ஆடியது. அவன் ஏதோ சொல்லப்போகிறான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவன் திரும்பி, வீட்டுப் பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சம்மட்டியை எடுத்தான்.

முதல் அடி மதிலின் நடுவில் விழுந்தது. கல் வெடித்துத் தெறித்தது. ஒரு சில்லு நோராவின் நெற்றியைக் கீறியது.

"மூணு வருஷம்," என்றான் ஹாஸ்லம். கத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை. "மூணு. வருஷம். இந்தச். சுவரு."

ரோரி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டினான். ஹாஸ்லமின் முழங்கை ரோரியின் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் ஓடியது. சம்மட்டி மறுபடி ஓங்கியபோது, இடப்பக்க வீட்டிலிருந்து ஒரு மனிதன் ஓடி வந்தான். கதவு நிலையில் குனியாமல் நுழைய முடியாத உயரம், வெறுந்தலை, கறுப்பு ஸ்வெட்டர். ஓடி வந்த வேகத்திலேயே ஹாஸ்லமின் காதுக்குப் பின்னால் குத்தினான். ஹாஸ்லம் மரம்போல விழுந்தான். சம்மட்டி சரளையில் புதைந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான். மறுபடி உதைத்தான். எலும்பு ஒன்று முறிகிற சத்தம் லாரி இரைச்சலையும் மீறிக் கேட்டது.

நோராவின் தடி அவன் முழங்காலின் பின்புறம் இறங்கியது. அவன் ஒரு கால் மடங்கிச் சாய்ந்தான்.

"என்ன கண்ணு இது," என்றான் வலியோடு சிரித்து. "உதவி பண்ண வந்தவனை அடிக்கிறே?"

"இன்னொரு தடவை கண்ணுன்னு கூப்பிட்டா அடுத்த அடி முழங்கால்ல விழாது. யார் நீ?"

"வேய்ன் க்ரண்டி. பக்கத்து வீடு. சாரம் கட்டுற காண்ட்ராக்ட்." ரோட்டோரம், ஹாஸ்லமின் வாசலை இடப்பக்கம் பாதி அடைத்து நின்றிருந்த, இரும்புக் குழாய்கள் ஏற்றிய திறந்த லாரியைக் காட்டினான். "இவன்தான் பண்ணியிருப்பான்னு முதல் நாளே சொன்னேன். பாவம் பில்லிங். பயந்து பயந்து செத்தார். இவனை அள்ளிட்டுப் போங்க, ரோடு நிம்மதியாகும்."

ரோரி ஹாஸ்லமின் கைகளைப் பின்னால் வளைத்து விலங்கு மாட்டி, போலீஸ் காரின் பின்சீட்டில் ஏற்றிக் கதவைப் பூட்டினான். ஹாஸ்லம் வலியில் மடங்கிக் கிடந்தான். ஆனால் அவன் கண் மேலே, தன் வீட்டு மாடிப் பக்கமே போய்ப் போய் வந்தது.

"முடிஞ்சுது பாஸ்," என்றான் ரோரி கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு. "பொய் சொன்னான், சுவரை இடிச்சான், என் அழகான உதட்டைக் கிழிச்சான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வந்து விலாவைக் கட்டினதும் ஸ்டேஷன்."

"அந்தப் பச்சை டேப்பு?"

"அதுவும் பொய்தான்."

"ரோரி, நீ பொய் சொல்லணும்னா எப்படி ஒரு கொலைகாரனை ஜோடிப்பே?"

"தாடி. தழும்பு. ஒரு கண்ணு மாறுகண்ணு. எங்க மாமியார் மாதிரி."

"முகத்தை ஜோடிப்பே. எல்லாரும் முகத்தைத்தான் ஜோடிப்பாங்க. இவன் முகத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. உச்சந்தலையைச் சொன்னான். உயரமான ஒருத்தன். கார் சீட்ல தாழ உக்காந்திருக்கவன் அண்ணாந்து பாத்தா தாடைதான் தெரியும். உச்சி தெரியணும்னா…"

ரோரி கைக்குட்டையை எடுத்தான். மெல்லத் தலையைத் தூக்கினான். ஹாஸ்லம் வீட்டு மாடி ஜன்னலில் ஒரு திரை அசைந்து நின்றது.

"நீ இங்கயே இரு," என்றாள் நோரா. "அவனைக் கார்லருந்து இறக்காதே. ராணியே வந்து கேட்டாலும்."

மாடியறை சின்னது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் லின் ஹாஸ்லம். நாற்பது வயதிருக்கும். காலில்லாத பக்கம் பைஜாமாவை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். செயற்கைக் கால், விளையாட்டுக்குப் போடுகிற வெள்ளை ஷூ மாட்டி, கட்டிலில் சாய்ந்து நின்றது. கீழே நடந்த அத்தனையையும் பார்த்திருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

நோரா கதவருகிலேயே நின்றாள். "செவ்வாய்க்கிழமை இங்கருந்து பாத்தது நீங்க."

"டெரிக் பாத்தது," என்றாள் லின்.

"உங்களைக் கோர்ட்ல ஏத்தக்கூடாதுன்னு தானே கார்லருந்து பாத்ததா மாத்திச் சொன்னார். அந்த சீட்லருந்து ரோடு தெரியுதுன்னு போலீஸ் ரிக்கார்டுல ஏறட்டும்னும் ஒரு நப்பாசை. அதனாலதான் அந்த சீட்டு."

லின் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாக மாறியது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அது அவரேதான். அனுமதிக்காக எதையும் சொல்வார்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அவருக்கு விலங்கு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கோம். இப்போதைக்கு."

"காரைப் பூட்டியிருக்கீங்களா?"

"பூட்டியாச்சு."

"உள்ளயிருந்து திறக்க முடியுமா?"

"முடியாது."

"நிச்சயமா?"

நோரா அவளை உற்றுப் பார்த்தாள். இந்தக் கேள்விகளில் கவலை இல்லை, வேறு ஏதோ இருந்தது. காத்திருந்தவள் ஒருத்தி கடைசிக் கதவும் அடைபடுகிற சத்தத்துக்குக் காது கொடுப்பது போல. "நிச்சயமா," என்றாள்.

"அப்ப சொல்றேன்." லின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முகம் தெரியலன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன். ஹெல்மெட்டு, ஜாக்கெட்டு, அவ்வளவுதான்னு. ஆளு யார்னு எனக்குத் தெரியும். பேரைச் சொன்னா அந்த நிமிஷமே சம்மட்டியத் தூக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிருப்பார். அவர் சுவரை அடிச்சதைப் பாத்தீங்க இல்ல? அது சுவர் இல்ல, மனுஷன்னு நினைச்சுக்குங்க. எனக்கு ஒரு கால்தான் இல்ல. புருஷனும் ஜெயிலுக்குப் போனா?"

"யார்?"

"பில்லிங் அன்னைக்குச் சுவரைச் சரி பண்ணல."

"தெரியும். சிமெண்ட் இல்ல. சுவரை இறக்கிட்டிருந்தார்."

"முதல் கல்லை இறக்கி வச்சுட்டு என்னைப் பாத்துக் கை காட்டினார். ரெண்டாவதை எடுத்தப்ப கேட் திறந்துச்சு. அவன் வேலைக்குப் போயிட்டான்னு நினைச்சோம். எதையோ மறந்துட்டுத் திரும்பியிருக்கான். அவங்க பேசினது கேக்கல. அந்தக் கல்லை அவர் கையிலருந்தே பிடுங்கினான்." அவள் குரல் இறங்கியது. "நான் இந்தக் கண்ணாடியை அடிச்சேன். கையெல்லாம் வீங்கற வரைக்கும் அடிச்சேன். லாரி சத்தத்துல யாருக்குக் கேக்கும்? டெரிக் அப்ப பின்பக்கக் கொட்டகையில இருந்தார். நான் காலை மாட்டிட்டு இறங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"லின். பேரு."

அவள் பேர் சொல்லவில்லை. விரலை நீட்டினாள். நேராகக் கீழே.

நோரா ஜன்னலை நெருங்கிப் பார்த்தாள். வாசலில் ரோரி நின்றிருந்தான். காகிதத்தைப் பிரித்து மிச்ச பஃப்பைக் கிழிந்த உதட்டில் படாமல் வாயின் ஓரத்தால் கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில், வேலைக்குக் கிளம்பத் தயாராக, ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு, வெள்ளை ஹெல்மெட் மாட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தபடி க்ரண்டி. தரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வெள்ளை ஹெல்மெட். மேலிருந்து பார்த்தால் அதன் உச்சியில், குறுக்கும் நெடுக்குமாக, பளிச்சென்று பச்சை.

நோரா ஜன்னலைத் தள்ளினாள். அது ஒரு கையளவுதான் திறந்தது.

"ரோரி!"

ஒரு லாரி அந்தப் பெயரை விழுங்கிவிட்டுப் போனது. ரோரி திரும்பவில்லை. க்ரண்டி நிமிர்ந்து பார்த்தான். மாடி ஜன்னலில் இரண்டு பெண்கள். இருவர் கண்ணும் தன் கண்ணில் இல்லாமல் அதற்கு மேலே, தன் தலை உச்சியில் நிற்பதைப் பார்த்தான். அவன் கை தானாகவே மேலே போய் ஹெல்மெட்டைத் தொட்டது. அந்தச் சிரிப்பு அணையவில்லை. அப்படியே உறைந்து நின்றது.

பிறகு அந்தக் கை இடுப்புக்கு இறங்கியது. அங்கே, சாரத்தின் போல்ட் முடுக்குகிற நீளமான இரும்பு ஸ்பானர்.

ரோரியைக் காப்பாற்றியது அந்த பஃப்தான். அது கையிலிருந்து நழுவி விழ, அவன் குனிந்தான். மண்டைக்கு வந்த அடி தோளில் விழுந்தது. தோள் எலும்பு முறிந்து அவன் முகம் குப்புறச் சரளையில் சாய்ந்தான். க்ரண்டி அவனைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தான். முன்கதவு சுவரில் மோதித் திரும்பியது. போலீஸ் காருக்குள் ஹாஸ்லம் கண்ணாடியைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தான்.

நோரா படிக்கட்டின் மேல் முனைக்கு வந்து தடியை நீட்டினாள். "நில்லு க்ரண்டி. இந்நேரம் நாலு வண்டி கிளம்பியிருக்கும்."

"பாத்தவ ஒருத்திதான்," என்றான் அவன், படியேறியபடியே. குரலில் கோபம்கூட இல்லை. "நீ பாக்கல. வழி விடு."

"ஒரு லாரி நிறுத்துற இடத்துக்காகவா ஒரு ஆளைக் கொன்னே?"

"என் வாசல்ல பஸ் ஸ்டாப். ஹாஸ்லம் வாசல்தான் எனக்கு இடம். அவனுக்கு அனுமதி கிடைச்சு, கார் ஏறி இறங்க அங்க நடைபாதைக் கல்லைத் தாழ்த்திட்டா என் வண்டி எங்க போகும்? கிழவனுக்கு மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல ஆட்சேபம் எழுதினான். கையை முறிச்சுடுவேன்னா ஒழுங்கா எழுதினான். கடைசியில உளியோட நிக்கிறான், நாயி."

ஸ்பானர் வீசியது. நோராவின் தடி இரண்டாக உடைந்து பறந்தது. அடுத்த வீச்சு அவள் மணிக்கட்டில். உள்ளே ஏதோ உடைந்து உள்ளங்கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் அலறவில்லை, அவன் வயிற்றில் தலையால் முட்டினாள். அவன் ஒரு படி இறங்கினான், அவள் தலைமுடியைப் பிடித்தான், சுவரில் ஒருமுறை மோதினான். மறுமுறை மோதினான். கண் இருண்டது. சுவர்க் காகிதத்தின் பூக்கள் மேல் அவளுடைய ரத்தம் வழிந்தது. அவன் அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலே கடைசிப் படியில் கால் வைத்தான்.

லின் ஒற்றைக் காலில், கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றிருந்தாள். இரண்டு கையாலும் செயற்கைக் காலின் மேல்முனையைப் பிடித்திருந்தாள். அதை முழு வீச்சில் வீசினாள். வெள்ளை ஷூ க்ரண்டியின் வாயில் இறங்கியது. பல் தெறித்தது. அவன் தள்ளாடினான். அவள் மறுபடி வீசினாள். இந்த முறை மூக்கு. வீசிய வேகத்தில் அவளும் நிலை தவறித் தரையில் விழுந்தாள். விழுந்தபடியே அந்தக் காலை அவன் முழங்காலில் போட்டாள்.

க்ரண்டி பின்பக்கமாகப் படிகளில் உருண்டான். ஹெல்மெட் அவனுக்கு முன்னால் உருண்டு போய்க் கீழே நின்றது. அவன் தலை கடைசிப் படியில் மோதி நின்றபோது, ஒரு கை தொங்க, முகமெல்லாம் சரளைக் கீறலோடு ரோரி உள்ளே வந்திருந்தான். அவன் க்ரண்டியின் மார்பில் தன் முழு கனத்தையும் போட்டு உட்கார்ந்தான்.

"பாஸ்," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டான். "உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நல்லது. என்னால தனியா எழுந்திருக்க முடியாது."

வண்டிகள் வந்தன. க்ரண்டியைத் தூக்குப் படுக்கையில் கட்டி, இரண்டு போலீஸ்காரர்களைக் காவல் வைத்து ஏற்றினார்கள். அவனிடம் வேலை பார்த்த இரண்டு பையன்கள் லாரியை எடுக்க வந்து, நடைபாதையில் வாய் பிளந்து நின்றார்கள். ரோரி ஒற்றைக் கையால் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டி அவர்களிடம் ஏதோ விசாரித்துவிட்டு, நெற்றியில் கட்டோடு ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்திருந்த நோராவிடம் வந்தான்.

"பச்சை டேப்பு ஒட்டினது இவனுங்கதான் பாஸ். முதலாளிக்குத் தனி அடையாளம்னு சொல்லி ஒட்டிவிட்டானுங்களாம். அவனும் பெருமையா மாட்டிட்டுத் திரிஞ்சிருக்கான். நிஜம் என்னன்னா, சாரத்து உச்சியில நிக்கிறவனுக்குக் கீழ பச்சை தெரிஞ்சா சிகரெட்டைத் தூக்கிப் போடணும்."

நோரா சிரிக்கப் பார்த்தாள். நெற்றித் தையல் இழுத்தது. க்ரண்டி இருந்த வண்டி வளைவைத் தாண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் போலீஸ் காரிடம் போய், நல்ல கையால் கதவைத் திறந்து, ஹாஸ்லமின் விலங்கைக் கழற்றச் சொன்னாள். பில்லிங்கைக் கொன்றதும் க்ரண்டிதான் என்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

ஹாஸ்லம் ரோட்டைப் பார்த்தான். வண்டி போய்விட்டது. அவன் முஷ்டிகள் இறுகின, பிடிக்க எதுவும் இல்லாமல் பிரிந்தன. விலாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வீட்டுக்குள் போனான்.

லின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் செயற்கைக் கால். ஷூவில் படிந்த ரத்தத்தை யாரோ கொடுத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நோரா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"என்கிட்ட மறைச்சுட்டே," என்றான் ஹாஸ்லம்.

"மறைச்சேன்."

"சரி." அவன் அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தான். மூச்சு விட்டால் வலித்தது. "எனக்கு ஒண்ணுதான் புரியல. வக்கீல் நோட்டீஸ் விட்டேன். கவுன்சில் ஆளைக் கூட்டிட்டு வந்தேன். வாசல்ல நின்னு கண்டபடி திட்டினேன். எதுக்கும் அசையாத மனுஷன். அவர் எதுக்குத் திடீர்னு தானா வந்து கல்லை இறக்கினார்?"

லின் துடைப்பதை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை நீ உன் அக்கா வீட்டுக்குப் போனப்ப, நான் போய் அவர் கதவைத் தட்டினேன்."

"ரோட்டுப் பக்கமாவா? தனியாவா?"

"தனியா. உள்ள கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். நான் சண்டை போடல டெரிக். சுவரைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கறீங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான். கப்பு சாசர்ல தடதடன்னு அடிச்சுது, அப்படி நடுங்கினார். அப்புறம் க்ரண்டியைப் பத்தி எல்லாத்தையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவன் வேலையா பிரெஸ்டன் ஊருக்குப் போறான், அன்னைக்கு இறக்கிடறேன்னார்."

ஹாஸ்லம் திறந்திருந்த கதவு வழியாக மதில் இருந்த பக்கம் பார்த்தான்.

"'என்கிட்ட யாராவது வந்து பேசமாட்டாங்களான்னு காத்திருந்தேம்மா'ன்னு அவர் சொல்லியிருந்தாக்கூட பரவாயில்ல," என்றாள் லின், கையிலிருந்த துணியைப் பார்த்தபடி. "அப்படி ஒண்ணும் சொல்லல. வாசல் வரைக்கும் வந்து, ரோட்ல வண்டி இல்லாதப்ப பாத்து என்னைக் கையப் பிடிச்சு நம்ம வீட்டுக்குக் கொண்டாந்து விட்டுட்டுப் போனார். நான் கேக்காம இருந்திருந்தா இன்னைக்கு உயிரோட இருப்பார்."

ஹாஸ்லம் அவள் கையிலிருந்து அந்தத் துணியை வாங்கினான். ஷூவின் மடிப்புகளில் இன்னும் கறை இருந்தது. அவன் குனிந்து, விலா குத்தக் குத்த, அதைத் துடைக்கத் தொடங்கினான்.